ஓடுபாதையில் கிடக்கும் ஒரு போல்ட்: ரேடாரா, ஜீப்பா, துடைப்பமா?

ஒரே ஓடுபாதை உள்ள நடுத்தர விமான நிலையம், மதுரை அல்லது திருச்சி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை ஓடுபாதையில் கிடக்கும் வேண்டாத பொருட்களைத் தடுக்கச் செலவழிக்கலாம் என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது? தானாகக் கண்டுபிடிக்கும் ரேடாரா, துப்புரவு வண்டியா, இன்னொரு ஜீப்பும் நான்கு ஆட்களுமா? விமானங்கள் நின்று பயணிகளையும் சரக்கையும் ஏற்றி இறக்கும் தளமான ஏப்ரனில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் நான், இந்தக் கேள்வி வந்த கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாக் கூட்டத்திலும் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: எந்தக் கருவி எவ்வளவு சின்னப் பொருளைக் கண்டுபிடிக்கும்? கேட்க வேண்டியது அது இல்லை என்பது என் கருத்து. ஒரு பொருள் விழுந்த நேரத்துக்கும் அதை ஒருவர் குனிந்து எடுத்த நேரத்துக்கும் நடுவில் அதன்மேல் எத்தனை விமானம் போனது, அந்தப் பொருள் முதலில் எங்கிருந்து வந்தது, இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

எஃப்ஓடி என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்வது, விமானம் நடமாடும் தரையில் இருக்கக் கூடாத எதையும். போல்ட், வாஷர், டயர் ரப்பர் துண்டு, கான்கிரீட் சில்லு, பயணிகளின் பெட்டியிலிருந்து கழன்ற சக்கரம், குட்டிப் பூட்டு, தண்ணீர் பாட்டில் மூடி, சரக்கைச் சுற்றிய பிளாஸ்டிக் தாள், அடிபட்டுச் செத்த பறவை எல்லாம் இதில் சேரும். இன்ஜின் வேகமாகக் காற்றை உறிஞ்சும்போது தரையிலிருந்து ஒரு சிறு சுழல் எழும்பி, கீழே கிடப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். 737 மாதிரி இன்ஜின் தாழ்வாகத் தொங்கும் விமானங்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். டயரைக் கிழிப்பது இன்னொரு வகை, அதுதான் பாரிஸில் நடந்தது.

2000 ஜூலை 25, சார்ல் த கோல் விமான நிலையம். ஏர் பிரான்ஸின் கான்கார்ட் புறப்படுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அதே ஓடுபாதையிலிருந்து கிளம்பிய ஒரு டிசி-10 விமானத்திலிருந்து ஓர் உலோகப் பட்டை கழன்று விழுந்திருந்தது. டைட்டானியம், சுமார் 43 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம், நம் வீட்டு ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். கான்கார்டின் டயர் அதன்மேல் ஏறி வெடித்தது, நாலரைக் கிலோ எடையுள்ள ரப்பர் துண்டு இறக்கையின் அடிப்பக்கத்தில் மோதியது, எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 109 பேரும், அது விழுந்த ஓட்டலில் 4 பேரும் இறந்தார்கள். அன்று மதியம் செய்ய வேண்டியிருந்த ஓடுபாதை ஆய்வு ஒன்று தீயணைப்புப் பயிற்சியால் தள்ளிப்போயிருந்தது என்பதை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு நேரத்துக்கு நடந்திருந்தாலும் பட்டை சிக்கியிருக்காது, ஏனென்றால் அது விழுந்ததே ஐந்து நிமிடம் முன்னால்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

முதலில் ஜீப். உலகம் முழுக்க இன்றுவரை முக்கியமான வழி இதுதான். பெரிய விமானங்கள் வந்துபோகும் நிலையங்களில் நடமாடும் பகுதியை ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14-ஆவது இணைப்பு சொல்கிறது. இரண்டு முறை என்பது குறைந்தபட்சம், ஆனால் நடைமுறையில் பல இடங்களில் அதுவே அதிகபட்சமாகவும் ஆகிவிடுகிறது. காலை ஆறு மணிக்கு ஜீப் போய் வந்தது, ஆறு பத்துக்கு ஒரு விமானம் எதையோ உதிர்த்துவிட்டுப் போனது என்றால், அடுத்த ஆய்வு வரைக்கும் அது அங்கேயே கிடக்கும்.

மனிதக் கண்ணின் எல்லையையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மதுரை ஓடுபாதை ஏறத்தாழ 2,285 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம், மொத்தம் ஒரு லட்சம் சதுர மீட்டர். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நடுக்கோட்டில் ஓட்டினால் நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறோம், அதாவது ஒவ்வொரு நொடியும் 500 சதுர மீட்டரை இரண்டு கண்கள் பார்த்து முடிக்க வேண்டும். அந்தக் கான்கார்ட் பட்டையின் பரப்பு 130 சதுர சென்டிமீட்டர், சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிற உலோகம். ஓட்டுகிறவரே பார்க்கவும் வேண்டும், வாக்கி டாக்கியில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசவும் வேண்டும் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆனால் இதே கணக்கில் இன்னொரு செய்தி இருக்கிறது. அந்த வேகத்தில் ஓடுபாதையை ஒருமுறை கடக்க மூன்றரை நிமிடம் போதும், போய்த் திரும்ப ஏழு நிமிடம். நடுத்தர நிலையத்தில் ஒரு விமானத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே இருபது, முப்பது நிமிடம் கிடைக்கும் நேரங்கள் ஒரு நாளில் ஏராளம். அந்த இடைவெளியில் ஓடுபாதை சும்மாதான் கிடக்கிறது. வேகத்தை முப்பதுக்குக் குறைத்து, இரண்டு பேராகப் போய், ஒருவர் ஓட்ட ஒருவர் பார்க்க, நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை என்று வந்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடும். விமானம் இறங்கும் திசைக்கு எதிர்த்திசையில் ஓட்டுவது வழக்கம், வருகிற விமானம் கண்ணில் படும் என்பதற்காக. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சின்னக் கல்லுக்குக்கூட நீள நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். நடுப்பகலில் தரை வெள்ளையாகக் கொதிக்கும்போது கண் கூசும், எதுவும் தெரியாது. மழை இரவுகளில் இன்னும் மோசம். ஜீப்பின் பெரிய பலம், கண்டுபிடித்தவரே அங்கேயே எடுத்துவிடுகிறார் என்பது. எந்த ரேடாரும் குனிந்து எடுக்காது.

அடுத்து துப்புரவு வண்டி. உறிஞ்சும் வகை, பிரஷ் சுழலும் வகை என்று இரண்டு. இது தேடும் கருவி இல்லை, அங்கே என்ன கிடந்தாலும் வாரிக்கொண்டு போகும், அதனால் ஏப்ரனுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே விமானம் ஊர்ந்து போகும் பாதையான டாக்ஸிவே, ஏப்ரன், கட்டுமானப் பகுதியின் ஓரம் போன்ற இடங்களுக்கு மிக நல்லது. ஓடுபாதைக்கு இதை முதன்மை வழியாக நம்பக் கூடாது என்று நினைக்கிறேன், மெதுவாகப் போகும், 45 மீட்டர் அகலத்தை முடிக்கப் பல சுற்று வேண்டும், அவ்வளவு நேரம் ஓடுபாதை கிடைப்பது நள்ளிரவில்தான். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: பிரஷ்ஷின் இழை உலோகமா, பிளாஸ்டிக்கா என்று. கம்பி இழை தேய்ந்து உடைந்து தரையில் உதிரும், சுத்தம் செய்யப் போன வண்டியே ஊசி போன்ற கம்பிகளை விதைத்துவிட்டு வரும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் வழிகாட்டுதலிலும் உலோக இழை குறித்த இந்த எச்சரிக்கை உண்டு.

வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பாய் ஒன்று இருக்கிறது, இன்ஜினோ மின்சாரமோ எதுவும் இல்லாதது. அடியில் வரிசை வரிசையாக இழைகள், மேலே சேகரிக்கும் வலை, எந்த ஜீப்பிலும் மாட்டிவிடலாம். விலை குறைவு, பழுது குறைவு, சின்னக் கல், வாஷர், திருகாணி வகையை நன்றாக அள்ளும். மழையில் ஈரமண் ஒட்டிக்கொண்டால் அள்ளும் திறன் குறைந்துவிடும், அதைக் கழுவி உலர்த்த ஆள் வேண்டும். நடுத்தர நிலையத்துக்கு இது நல்ல பொருள், தயங்காமல் சொல்வேன்.

காந்தப் பட்டையைப் பற்றி மட்டும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வண்டியின் அடியில் காந்தம் மாட்டிவிட்டால் உலோகம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். ஒட்டிக்கொள்வது இரும்பும் சாதாரண எஃகும்தான். விமானத்தில் பெரும்பகுதி அலுமினியம், சூடும் தேய்மானமும் உள்ள இடங்களில் டைட்டானியம், இரண்டும் காந்தத்தைக் கண்டுகொள்ளாது. பாரிஸில் அந்த ஐந்து நிமிடத்துக்குள் காந்த வண்டி ஒன்று பட்டையின்மேலேயே போயிருந்தாலும் அது அப்படியே கிடந்திருக்கும். ஏப்ரனிலும் பணிமனை வாசலிலும் ஆணி, கம்பி பொறுக்கக் காந்தம் போதும், ஓடுபாதைக்கு அதை ஒரு பாதுகாப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இப்போது எல்லோரும் காத்திருக்கும் ரேடார். கான்கார்ட் விபத்துக்குப் பிறகுதான் தானியங்கிக் கண்டுபிடிப்பு பற்றித் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தார்கள். பிரிட்டனின் கினெட்டிக் நிறுவனம் செய்த டார்சியர் என்ற மில்லிமீட்டர் அலை ரேடார் 2006-இல் கனடாவின் வான்கூவரில் முதலில் வந்தது. ஓடுபாதைக்கு அருகில் கோபுரம் மாதிரி நிறுவி, அங்கிருந்து நெடுந்தூரம் தரையைத் துழாவிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வகை கேமரா மட்டும் வைத்தது. சிங்கப்பூரின் ஸ்ட்ராடெக் நிறுவனத்தின் ஐஃபெரட் அப்படிப்பட்டது, சாங்கி விமான நிலையத்தில் இருக்கிறது. மூன்றாவது வகை ரேடாரையும் கேமராவையும் சேர்த்து ஓடுபாதை ஓர விளக்குகளோடேயே பொருத்துவது, இஸ்ரேலின் எக்ஸ்சைட் நிறுவனத்தின் கருவி, அமெரிக்காவின் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் நிறுவினார்கள். நான்காவது, வண்டியின் மேல் ரேடாரை மாட்டிக்கொண்டு ஓட்டுவது. எஃப்ஏஏ இந்த நான்கையும் வெவ்வேறு விமான நிலையங்களில் சோதித்துப் பார்த்து 2009-இல் இவற்றுக்கான தரத்தை வெளியிட்டது.

அந்தத் தரத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இரண்டு எண்கள். 3.1 சென்டிமீட்டர் உயரம், 3.8 சென்டிமீட்டர் விட்டம் உள்ள வண்ணம் பூசாத உலோக உருளை ஒன்றை அது கண்டுபிடிக்க வேண்டும். எப்போதும் இயங்கும் வகையானால், நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை முழுப் பரப்பையும் பார்த்து முடிக்க வேண்டும். கருவி விற்க வருகிறவர்கள் முதல் எண்ணைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். என் கண் இரண்டாவது எண்ணில்தான் நிற்கிறது. நான்கு நிமிடம். பாரிஸில் இருந்த இடைவெளி ஐந்து. இரண்டு முறை ஜீப், ஆறு முறை ஜீப், துப்புரவு வண்டி, பாய், எதுவும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் பதில் சொல்லாது. இந்த ஒரு இடத்தில் ரேடாருக்கு ஈடாக வேறு எதுவும் கிடையாது, அதை ஒப்புக்கொள்ளாமல் இந்த ஒப்பீட்டைச் செய்வது நேர்மையாக இருக்காது.

சரி, அப்படியானால் ஏன் எல்லோரும் வாங்கவில்லை? விலை ஒரு காரணம், ஓர் ஓடுபாதைக்கே பல கோடி ரூபாய் ஆகும், அதற்கப்புறம் வருடா வருடம் பராமரிப்பு. விளக்கோடு பொருத்தும் வகைக்குக் கேபிள் வேலை முழுக்க ஓடுபாதையை மூடிவைத்துச் செய்ய வேண்டும், ஒரே ஓடுபாதை உள்ள ஊருக்கு அது சுலபம் இல்லை. ரேடார் உலோகத்தை நன்றாகப் பார்க்கும், ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அந்த அளவுக்குப் பார்க்காது. கேமரா எல்லாவற்றையும் பார்க்கும், ஆனால் மூடுபனியிலும் கொட்டும் மழையிலும் தடுமாறும். இதைவிடப் பெரிய சிக்கல் பொய் எச்சரிக்கை. பறவை வந்து உட்கார்ந்தால் மணி அடிக்கும், காற்றில் பறந்த தாளுக்கு அடிக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இது நிஜம், விமானத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த ஆளை இரவும் பகலும் உட்கார வைக்க முடியாத நிலையத்தில் மூன்றே மாதத்தில் மணிச் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவார்கள். அப்புறம் கருவி சொல்லும் இடத்துக்கு ஓட ஒரு ஜீப்பும் ஆளும் வேண்டும். ரேடார் வாங்கிவிட்டு ஜீப்பைக் குறைப்பது என்று யாராவது திட்டம் போட்டால் அதை உடனே எதிர்க்க வேண்டும்.

ட்ரோனில் கேமரா வைத்துப் பார்ப்பது, ஜீப்பில் கேமரா மாட்டிக் கணினியைப் பார்க்கச் சொல்வது என்று புதிதாகவும் முயற்சிகள் நடக்கின்றன. ஜீப்பில் மாட்டும் கேமராவைக் கவனித்து வரலாம், எதிர்காலம் உண்டு. ட்ரோன் எனக்குப் பிடிக்கவில்லை, பேட்டரி தீர்ந்து விழுந்தால் அதுவே ஓர் எஃப்ஓடி.

இதுவரை சொன்னதெல்லாம் விழுந்த பிறகு எடுப்பது. விழாமல் பார்ப்பதற்குக் கூட்டங்களில் ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை, என் வருத்தமே அதுதான். நான் பொறுக்கியதில் பெரும்பகுதி ஏப்ரனில் கிடந்தவை: டிராலியிலிருந்து விழுந்த கொக்கி, பெட்டிச் சக்கரம், சரக்கைக் கட்டிய பட்டையின் கிளிப், உணவு வண்டியிலிருந்து விழுந்த கரண்டி. இவை அங்கேயே இருந்துவிடாது. இழுவை வண்டியின் டயர் இடுக்கில் ஏறிக்கொண்டு டாக்ஸிவேக்குப் போகும், திரும்புகிற விமானத்தின் இன்ஜின் காற்று ஊதிக்கொண்டு போகும்.

ஒரு வருடம் ஆயுத பூசைக்கு மறுநாள் காலை ஷிப்டில் இருந்தேன். முந்தின நாள் வண்டிகளுக்கெல்லாம் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய்க்குள் காசு போட்டு உடைத்திருந்தார்கள். உடைத்த இடம் வண்டி நிறுத்துமிடம்தான், ஏப்ரன் இல்லை, யாரும் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் காலையில் ஒரு டிராக்டரின் டயர் வெட்டில் ஒரு ரூபாய்க் காசு செருகிக்கொண்டு இருந்தது, பக்கத்து பேயில், அதாவது ஏப்ரனில் ஒரு விமானம் நிற்பதற்கான இடத்தில், ஒரு விமானம் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. காசைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபோது உடம்பு நடுங்கியது. 2017-இல் ஷாங்காய் புடோங்கில் 80 வயது மூதாட்டி ஒருவர் பயணம் நல்லபடி அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இன்ஜினை நோக்கி ஒன்பது நாணயங்களை எறிந்தார், அதில் ஒன்று உள்ளே போய்விட்டது. பயணிகளை எல்லாம் இறக்கி, பல மணி நேரம் விமானத்தை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அந்த அம்மாவின் மனதில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை, எங்கள் ஆட்களிடமும் இல்லை. பூசை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, வேலிக்கு வெளியே உடையுங்கள், உள்ளே வரும்முன் டயரைப் பாருங்கள் என்று முந்தின நாளே ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

நுழைவாயிலில் ஒவ்வொரு வண்டியும் நின்று டயர் இடுக்கைப் பார்த்துவிட்டு உள்ளே வருவது, ஒவ்வொரு பேயிலும் மூடி போட்ட ஒரு தொட்டி வைப்பது, விமானம் பேயில் வந்து நிற்கும்முன் ஒருவர் அந்த இடத்தை நடந்து பார்ப்பது, வாரம் ஒருநாள் எல்லா நிறுவனத்து ஆட்களும் தோளோடு தோள் நின்று ஏப்ரனை நடந்தே பொறுக்குவது. விமானம் தாங்கிக் கப்பல்களில் இந்த வரிசை நடை அன்றாட வேலை. இதற்கெல்லாம் செலவு மிகக் குறைவு, தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பேயில் விமான நிறுவனம், தரைப்பணி நிறுவனம், உணவு, எரிபொருள், துப்புரவு என்று ஐந்தாறு ஒப்பந்தங்களில் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். கிடக்கிற போல்ட் யாருடையது? எங்களுடையது இல்லை. எடுத்துக் கொடுத்தால் நீதான் போட்டாயா என்று கேள்வி வரும் என்ற பயமும் உண்டு. எடுத்துக் கொடுத்தவரை விசாரிக்க மாட்டோம் என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும், ஒப்பந்தத்திலேயே இந்த வேலைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். விமானத்தை இருபத்தைந்து நிமிடத்தில் திருப்பி அனுப்பு என்று நெருக்கிக்கொண்டு, நடந்து பார் என்று சுவரொட்டி ஒட்டுவதில் பயனில்லை.

கட்டுமான வேலை நடக்கும் காலம் தனி. லாரி டயரில் வரும் ஜல்லி, கம்பித் துண்டு, சிமெண்ட் பைத்தாள் எல்லாம் உள்ளே வரும். அந்த மாதங்களில் டயர் கழுவும் இடமும், வேலை முடிந்த ஒவ்வொரு இரவும் துப்புரவு வண்டியும் கட்டாயம். தரையே உதிர்வது இன்னொரு ஊற்று: கான்கிரீட் பலகைகளின் இணைப்பில் அடைத்த ரப்பர் காய்ந்து எழும்பினால், ஓரம் சில்லு சில்லாக உடைந்தால், எவ்வளவு பொறுக்கினாலும் தீராது. விரிசலை அடைப்பதும் எஃப்ஓடி செலவுதான்.

பணிமனையும் இதில் வரும். 2023 கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் பரிசோதனைக்குப் போன ஒரு குவாண்டாஸ் ஏ380-இன் இன்ஜினுக்குள் ஒன்றே கால் மீட்டர் நீள நைலான் கருவி ஒன்று விடுபட்டு, அந்த விமானம் 34 முறை, 294 மணி நேரம் பறந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். ரேடார் ஓடுபாதையைத்தான் பார்க்கும், இன்ஜினுக்குள் பார்க்காது. கருவிப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தில் பள்ளம் வெட்டிவைத்து, வேலை முடிந்ததும் காலியிடம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால்தான் இது தெரியும்.

ஆகவே ஒற்றை ஓடுபாதை நிலையத்தின் பணத்தை நான் இப்படிச் செலவழிப்பேன். முதலில் ஆள்: ஷிப்டுக்கு இரண்டு பேர் கொண்ட தனி ஆய்வு ஜீப், இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் ஓடுபாதைக்குப் போகும்படி கோபுரத்தோடு எழுதிவைத்த ஏற்பாடு. அடுத்து இழுக்கும் பாய் ஒன்று, பிளாஸ்டிக் இழையுள்ள துப்புரவு வண்டி ஒன்று. அப்புறம் கான்கிரீட் பலகைகளின் இணைப்பு அடைக்கும் வேலை. ரேடார் இப்போது வேண்டாம். பாரிஸின் ஐந்து நிமிட இடைவெளி இங்கேயும் என்றாவது ஒரு மாலை வரலாம், இரண்டு விமானம் அடுத்தடுத்துப் புறப்படலாம் என்பது தெரிந்தே சொல்கிறேன். அந்த நேரங்களுக்கு, முதல் விமானம் கிளம்பிய பிறகு ஜீப் ஒரே ஒரு முறை ஓடிவர மூன்றரை நிமிடம் தருவார்களா என்று கோபுரத்திடம் கேட்பேன். அந்த மூன்றரை நிமிடத்தைத் தரவே முடியாத அளவுக்கு நெரிசல் தினமும் வர ஆரம்பித்தால், அந்த வருடமே ரேடார் கேட்டு எழுதுவேன், ஒரு நாள் தாமதிக்க மாட்டேன். சென்னை போன்ற நெரிசலான நிலையத்துக்கு இந்தக் கணக்கை வேறு மாதிரிதான் போட வேண்டும், அங்கே ஓடுபாதையில் ஜீப்புக்கு இடம் கிடைப்பதே போராட்டம்.

கடைசியாக ஒரு மேசை வேண்டும். பொறுக்கியதைக் குப்பையில் போடாமல் ஒரு வாரம் சேர்த்து, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சீட்டு ஒட்டி, அந்த மேசைமேல் பரப்பி வையுங்கள். பாகத்தின்மேல் எண் இருந்தால் உடனே அந்த விமான நிறுவனத்துக்குப் போன் போக வேண்டும், உதிர்த்துவிட்டுப் போன விமானம் இன்னும் வானத்தில் இருக்கலாம். மற்றதை வகை பிரியுங்கள். சக்கரங்கள் அதிகமா, கிளிப் அதிகமா, ஜல்லி அதிகமா, ஆறாம் எண் பேயிலிருந்து மட்டும் ஏன் இத்தனை வருகிறது? ஒரு மாதம் இதைச் செய்துவிட்டு விற்பனையாளரைக் கூப்பிடுங்கள், அவர் பேசுவதற்கு முன் அந்த மேசையைக் காட்டி, இதில் எதையெல்லாம் உங்கள் கருவி பிடிக்கும் என்று கேளுங்கள்.